குளிர்மலையில் கிறிஸ்துமஸ்: செலவு யாருக்காக?

டிசம்பர் பள்ளி விடுமுறையில் தானா ராத்தாவுக்கு வருகிறவர்கள் இரண்டு அறிவிப்புகளைத் தவறாமல் பார்ப்பார்கள். ஒன்று, கடைக் கண்ணாடிகளில் ஒட்டியிருக்கும் ‘மலிவு விற்பனை’. மற்றொன்று, தங்கும் விடுதிகளின் முகப்பில் இருக்கும் ‘அறை காலி இல்லை’. ரிங்லெட்டில் தொடங்கும் வாகன நெரிசல் பிரிஞ்சாங்கையும் தாண்டி நீளும். ஸ்ட்ராபெரி பண்ணை, தேயிலைக் கடை, இரவுச் சந்தை என எங்கும் கூட்டம்.

இரண்டாவது அறிவிப்பைப் பார்க்கும்போது எனக்கு லூக்கா எழுதிய நற்செய்திதான் நினைவுக்கு வரும். குடிமதிப்புக் கணக்கெடுப்புக்காக வெளியூர் போன ஓர் எளிய தம்பதிக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பிறந்த குழந்தையை அவர்கள் மாட்டுத் தீவனத் தொட்டியில் கிடத்தினார்கள். தமிழ் வேதாகமம் அதை ‘முன்னணை’ என்கிறது. சிறு வயதிலிருந்து பாட்டிலேயே கேட்டுப் பழகியதால், முன்னணை என்றால் ஏதோ அழகான தொட்டில் என்று நினைப்பவர்கள் எங்கள் சபையிலேயே உண்டு. மாட்டுக்கு முன்னால் வைக்கோல் போடும் இடம்தான் முன்னணை.

தங்க இடம் கிடைக்காத ஒரு குடும்பத்தின் கதை, அறை வாடகை ஆக அதிகமாக இருக்கும் பருவமாக எப்படி மாறியது? இங்குள்ள தேயிலைத் தோட்டக் குடும்பம் ஒன்றின் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தவன் நான், கிறிஸ்தவன், பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிப்பவன். ஆகவே இந்தக் கேள்வி என்னை மூன்று பக்கத்திலிருந்தும் பிடித்துக்கொள்கிறது. வாசகர்களில் பெரும்பாலோர் இந்துக்களாக இருப்பீர்கள். கிறிஸ்துமஸ் என்று நான் எழுதும் இடங்களில் தீபாவளி என்று மாற்றிப் படித்தாலும் பல வரிகள் பொருந்தும்.

பனி பெய்யாத ஊரில் பஞ்சுப் பனி

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர் இந்த மலைப்பகுதியை ஆராய்ந்தார். அவர் பெயரே மலைக்கும் வந்தது. 1929இல் ஜே.ஏ. ரசல் என்பவர் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். மலைச்சரிவில் காட்டை அழித்துத் தேயிலை நட்டதிலும், பின்னர் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்ததிலும் தமிழர்களின் உழைப்பு பெரிது.

சமவெளியின் வெப்பம் தாங்காத ஆங்கிலேயர்கள் இங்கே ஓய்வெடுக்க வந்தார்கள். இந்தக் குளிரில் அவர்கள் தங்கள் சொந்த ஊரைத் தேடினார்கள். அதனால்தான் கணப்பு அடுப்பும், ரோஜாத் தோட்டமும், ஸ்ட்ராபெரி ஜாம் தடவிய ஸ்கோனும் இந்த ஊரின் அடையாளமாகிவிட்டன. ஆங்கிலேயர்கள் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியும் அந்த ஏக்கம் மட்டும் இன்னும் விற்பனையில் இருக்கிறது. டிசம்பர் வந்தால் அதன் மேல் பஞ்சுப் பனி தூவப்படும். தானா ராத்தாவில் பனி பெய்ததே இல்லை. டிசம்பரில் இங்கே பெய்வது வடகிழக்குப் பருவமழைதான்.

கிறிஸ்துமஸ் என்றதும் நம் கண்முன் வரும் படங்களில் பெரும்பாலானவை வேதாகமத்தில் இல்லை. அவை 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வடிவம் பெற்றவை. விற்பனைக்கான முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை லண்டனில் 1843இல் அச்சானது. சார்ல்ஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்மஸ் கரோல்’ கதை வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். ஜெர்மனியில் ஏற்கெனவே இருந்த கிறிஸ்துமஸ் மர வழக்கம், விக்டோரியா அரசியாரின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் ஒரு பத்திரிகையில் வந்த பிறகு ஆங்கிலேயர் வீடுகளில் வேகமாகப் பரவியது.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் கதை இன்னும் சுவையானது. அவருக்கு மூலமான புனித நிக்கோலஸ், இன்றைய துருக்கியில் உள்ள மைரா நகரில் 4ஆம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர். வரதட்சணை கொடுக்க வழியில்லாத ஓர் ஏழையின் மூன்று பெண்களுக்காக, இரவில் யாருக்கும் தெரியாமல் அவர் வீட்டுக்குள் பொன் முடிப்பைப் போட்டுவிட்டுப் போனார் என்பது மரபுக்கதை. சிவப்பு உடைத் தாத்தாவை கொக்கோ கோலா நிறுவனம்தான் படைத்தது என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. 1931இலிருந்து அந்நிறுவனத்துக்காக ஓவியர் ஹாடன் சண்ட்புளோம் வரைந்த விளம்பரங்கள், ஏற்கெனவே இருந்த உருவத்தை உலகம் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொடுத்தவர் யார் என்று தெரியக் கூடாது என்று மறைந்து நின்ற ஒருவர், இன்று உலகிலேயே அதிகம் அடையாளம் தெரிந்த விளம்பர முகம்.

சபைக்குள்ளேயே நடந்த வழக்கு

கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் அளவு மீறிப் போகிறது என்ற குறை இன்று நேற்று வந்ததல்ல. தீவிரச் சீர்திருத்தக்காரர்களான பியூரிட்டன்களின் செல்வாக்கில் இருந்த இங்கிலாந்து நாடாளுமன்றம் 1647இல் கிறிஸ்துமஸ் பண்டிகையையே ஒழித்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை, கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். குடியும் கூத்தும் நிறைந்த பண்டிகைக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை என்பது அவர்கள் வாதம். தடை போட்டார்கள், மக்கள் விடவில்லை, தடைதான் போனது.

இதற்கு நேர்மாறான வழியில் போனவர் அசிசி நகரப் புனித பிரான்சிஸ். 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற மலைக்கிராமத்தில் அவர் ஒரு தீவனத் தொட்டியில் வைக்கோலைப் பரப்பி, மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி, ஊர் மக்களோடு நள்ளிரவு வழிபாடு நடத்தினார். இன்று நம் ஆலயங்களிலும் வீடுகளிலும் வைக்கும் குடிலுக்கு அது முன்னோடி. பண்டிகையை நிறுத்தாமல், அதன் மையத்தில் எது இருக்க வேண்டும் என்பதை அவர் கண்ணால் பார்க்க வைத்தார். அதற்குத் தேவைப்பட்டது வைக்கோலும் கால்நடைகளும்தான்.

தடையைவிட இந்த வழியே எனக்குச் சரியாகப் படுகிறது. கொண்டாட்டம் மனிதனுக்குத் தேவை. ஆண்டு முழுவதும் கொழுந்துக் கூடையைச் சுமந்த முதுகு ஒரு நாளாவது நிமிர வேண்டும். ஆகவே கொண்டாடலாமா வேண்டாமா என்பது என் கேள்வி அல்ல. அந்தச் செலவு யாருக்காக என்பதே கேள்வி.

தேநீரை விட்ட வெஸ்லி

தேயிலை மலையில் வாழும் கிறிஸ்தவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு கதை உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி (1703–1791) தேநீர்ப் பிரியர். ஆனால் 1746இல் அவர் தேநீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். இரண்டு காரணங்கள். தேநீர் தன் கை நடுக்கத்துக்குக் காரணம் என்று அவர் நம்பினார். அதோடு, அன்றைய இங்கிலாந்தில் தேயிலை விலை உயர்ந்த பொருள். லண்டனில் இருந்த தம் சபையாரையும் தேநீரை விடச் சொல்லி, மிச்சமாகும் காசை ஏழைகளின் உணவுக்கும் உடைக்கும் பயன்படுத்தலாம் என்றார். முதல் மூன்று நாள் தலைவலியும் தூக்கக் கலக்கமும் வாட்டியதை அவரே எழுதியிருக்கிறார். காலை காப்பி கிடைக்காத நாளில் விரிவுரைக்குப் போன கல்லூரி மாணவர்களுக்கு அது புரியும். இதை 1748இல் கடித வடிவில் ஒரு சிறு நூலாகவும் வெளியிட்டார். பிற்காலத்தில் அவர் மறுபடியும் தேநீர் குடிக்கத் தொடங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் சொன்ன இன்னொரு கணக்கு அதைவிட முக்கியம். ஆக்ஸ்போர்டில் தம் வட்டத்தைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி அவர் பிற்காலத்தில் ஒரு பிரசங்கத்தில் குறிப்பிட்டார். அது அவருடைய சொந்தக் கணக்கே என்பது பரவலான கருத்து. முதல் ஆண்டு அந்த இளைஞரின் வருமானம் 30 பவுன். 28 பவுனில் வாழ்ந்து, 2 பவுனைக் கொடுத்தார். அடுத்த ஆண்டு வருமானம் 60 ஆனது. அப்போதும் 28இல் வாழ்ந்து, 32ஐக் கொடுத்தார். மூன்றாம் ஆண்டு 90, கொடுத்தது 62. நான்காம் ஆண்டு 120, கொடுத்தது 92. வருமானம் நான்கு மடங்கானது. வாழ்க்கைச் செலவு மட்டும் 28ஐத் தாண்டவில்லை.

சம்பளம் உயரும்போது கைப்பேசியும் உயர வேண்டும், மோட்டார் சைக்கிளும் உயர வேண்டும் என்று நினைப்பதே இன்று இயல்பாகிவிட்டது. அப்படி உயர்ந்துகொண்டே போகும் செலவுக்கு ‘போதும்’ என்ற சொல் தெரியாது. வெஸ்லியின் இளைஞர் அந்தச் சொல்லைப் பணம் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். பணம் வந்த பிறகு சொல்வது மிகவும் கடினம்.

பரிசில் கரையும் பணம்

வகுப்பில் எங்களுக்கு மிகவும் பிடித்த ஓர் ஆய்வு உண்டு. 1993இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஜோயல் வால்ட்போகல், யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றிக் கேட்டார். உனக்குக் கிடைத்த பரிசின் விலை எவ்வளவு இருக்கும்? அது உனக்கு எவ்வளவு மதிப்புடையது? இரண்டு விடைகளுக்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்தது. கொடுத்தவர் செலவிட்ட பணத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, வாங்கியவருக்கு மதிப்பாகப் போய்ச் சேரவில்லை என்று அவர் கணக்கிட்டார். 100 ரிங்கிட் கொடுத்து வாங்கிய சட்டை, அணிகிறவருக்கு 70 ரிங்கிட்டுக்குத்தான் பெறும் என்றால், மீதி 30 ரிங்கிட் யாருக்கும் பயனில்லாமல் கரைந்துபோகிறது. பொருளியலில் இதை இழப்பாகக் கணக்கிடுவார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. நெருங்கிய நண்பர்களும் காதலர்களும் கொடுத்த பரிசுகளில் இழப்பு மிகக் குறைவு. தூரத்து உறவினர்கள் வாங்கிய பொருள்களில்தான் இழப்பு அதிகம். காரணம் எளிது. நம்மை அறிந்தவர்களுக்கு நமக்கு என்ன வேண்டும் என்பது தெரியும். விளம்பரமோ அதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. வாங்குபவரை அறிந்துகொள்ள நேரம் செலவிட வேண்டாம், இந்தப் பெட்டியை வாங்கிக் கொடு, அன்பு தெரிந்துவிடும் என்று சொல்கிறது. அறிந்துகொள்ளும் உழைப்பை மிச்சப்படுத்த நாம் கொடுக்கும் கட்டணம்தான் அந்த இழப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

லயத்தில் நகர்ந்த தட்டு

என் பாட்டி கொழுந்து பறித்தவர். அவர் காலத்துத் தோட்டக் கிறிஸ்துமஸில் பரிசுப் பெட்டி கிடையாது. ஒரு புதுத்துணி, ஒரு வேளை கோழிக்கறி, அச்சுமுறுக்கு, அதிரசம். டிசம்பர் 24 இரவு, ஆலயத்துப் பிள்ளைகள் விளக்கை ஏந்திக்கொண்டு லயம் லயமாகப் பாடிக்கொண்டே போவார்கள். சாமி படத்துக்கு விளக்கேற்றிய வீடுகளும் கதவைத் திறந்து வைத்திருக்கும். மறுநாள் காலை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தட்டுப் பலகாரம் போகும். தட்டைச் சும்மா திருப்பக் கூடாது என்பதால், கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். தீபாவளிக்கு அதே தட்டு எதிர்த்திசையில் வரும். இன்று நாடு முழுவதும் பெருமையோடு பேசப்படும் திறந்த இல்ல உபசரிப்புக்கு இந்தத் தட்டும் ஒரு வேர்தான்.

இதைச் சொல்லிவிட்டு, ‘அந்தக் காலம் போல வருமா’ என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. அந்தக் காலத்திலும் பண்டிகைக் கடன் இருந்தது. பாட்டியே சொல்வார். தோட்டத்தில் வாங்கிய முன்பணம் மாதச் சம்பளத்தில் பிடிபடும். தவணைக்குத் துணி கொடுக்கும் வியாபாரி சம்பள நாளில் சரியாக லயத்து வாசலில் நிற்பார். “ஒரு நாள் சிரிப்புக்கு மூணு மாசம் கூடை தூக்கணும்டா” என்பது அவர் கணக்கு. பிள்ளைகள் புதுத்துணி இல்லாமல் ஆலயத்துக்குப் போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற பயம்தான் அந்தக் கடனுக்குக் காரணம்.

ஆக, நுகர்வு மோகம் பேரங்காடியோடு பிறந்ததல்ல. அடுத்தவர் கண்ணுக்குக் குறைவாகத் தெரியக் கூடாது என்ற அச்சம் பழையது. கடைகள் அந்த அச்சத்துக்கு விலை போடக் கற்றுக்கொண்டன. ஆனால் பாட்டியின் காலத்தில் அந்தக் கடனுக்கு நடுவிலும் ஒன்று தப்பியிருந்தது. தட்டு ஒரு வீட்டையும் விட்டுவிடவில்லை. இருப்பதிலேயே ஆக ஏழ்மையான வீட்டுக்கும் அது போனது. அங்கிருந்தும் திரும்பி வந்தது.

65 ரிங்கிட்டும் ஒரு விரல் தொடுதலும்

இன்று வியாபாரி வாசலில் நிற்பதில்லை. நம் சட்டைப்பையில் இருக்கிறார். நவம்பர் 11, டிசம்பர் 12 என்று தேதியும் மாதமும் ஒத்துவரும் நாள்களெல்லாம் இணைய விற்பனைத் திருநாள்களாகிவிட்டன. ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ என்ற வசதி, பொருளின் விலையை மூன்றாகவோ ஆறாகவோ உடைத்துக் காட்டும். 180 ரிங்கிட் காலணி, திரையில் 60 ரிங்கிட்டாகத் தெரியும். அப்படி நான்கு பொருள்கள் சேர்ந்தால், ஜனவரியில் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்பதை அந்தத் திரை முதலில் சொல்லாது. கடன் கைமீறிப் போனவர்களுக்கு ஆலோசனை சொல்ல, மத்திய வங்கி 2006இல் ஏற்படுத்திய ஏ.கே.பி.கே. என்ற அமைப்பு நம் நாட்டில் இருக்கிறது. அங்கே போகும் நிலை வராமல் பார்த்துக்கொள்வது நம் கையில்.

எனக்கு உதவும் ஓர் அளவுகோலைச் சொல்கிறேன். 2025 முதல் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மாதம் 26 வேலை நாள் என்று வைத்தால் ஒரு நாளுக்கு 65 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். 130 ரிங்கிட் சட்டை என்றால் இரண்டு நாள் உழைப்பு. 180 ரிங்கிட் காலணி ஏறக்குறைய மூன்று நாள். விலைச்சீட்டில் இருக்கும் எண்ணை நாள்களாக மாற்றிப் பார்த்தால், அம்மா நின்ற நேரமும் அப்பா மழையில் நனைந்த நேரமும் அதில் தெரியும். அதற்குப் பிறகும் வாங்கத் தகுந்தது என்று தோன்றினால், அது உண்மையிலேயே வாங்கத் தகுந்த பொருள்தான்.

பருவத்தை நடத்துபவர்கள் எங்கே?

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். ‘எல்லாரும் வாங்குவதை நிறுத்திவிட்டால் உங்கள் ஊர் எப்படிச் சாப்பிடும்?’ உண்மைதான். டிசம்பரில் மலையேறி வரும் கூட்டம்தான் இங்கே பல குடும்பங்களின் அடுப்பை எரிய வைக்கிறது. விடுதி அறையைச் சுத்தம் செய்பவர், உணவகத்தில் பாத்திரம் கழுவுபவர், சாலையோரம் சோளம் அவிப்பவர் எல்லாருக்கும் இது வருமானக் காலம். அந்த வருமானத்தைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனால் அதே மக்கள் பண்டிகையில் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்க உரிமை உண்டு. பலருக்குத் தெரியாத ஒரு செய்தி இது. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி தொழிலாளிக்கு ஆண்டுக்குச் சம்பளத்துடன் 11 பொது விடுமுறை நாள்கள் உண்டு. அவற்றில் தேசிய நாள், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், தொழிலாளர் நாள், மலேசிய நாள் ஆகிய ஐந்து மட்டுமே கட்டாயம். மற்ற ஆறு நாள்களை முதலாளி தேர்ந்தெடுக்கலாம். கிறிஸ்துமஸ் அந்த ஐந்தில் இல்லை, தீபாவளியும் இல்லை. விடுமுறை நாளில் வேலை செய்தால் கூடுதல் கூலி உண்டு என்பது வேறு. ஆகவே டிசம்பர் 25 காலையில், வந்த விருந்தினர் கிறிஸ்துமஸ் பசியாறுதலுக்கு அமரும்போது, முட்டை பொரித்துக் கொடுப்பவர் அதே பண்டிகையைக் கொண்டாட வேண்டிய ஒரு கிறிஸ்தவராக இருக்கலாம். என் அக்கா விடுதியில் வேலை செய்த இரண்டு ஆண்டுகளும் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்து இரவு ஒன்பது மணிக்குத்தான் தொடங்கியது. அவர் வரும்வரை யாரும் கை நனைக்கவில்லை. எனக்கு நினைவில் இருக்கும் கிறிஸ்துமஸ்களில் அவை இரண்டும் மிக நல்லவை.

அக்காவுக்காவது வீடு பக்கத்தில் இருந்தது. தோட்டங்களிலும் காய்கறிப் பண்ணைகளிலும் இன்று வேலை செய்பவர்களில் கடல் கடந்து வந்தவர்கள் பலர். அவர்களுக்குப் பண்டிகை நாளில் போக ஒரு வீடு கிடையாது. நம் தாத்தா பாட்டி வந்த வழியில் வந்தவர்கள்தான் அவர்களும். முன்னணையின் கதையை நம்புகிறவனுக்கு இது வெறும் தொழிலாளர் பிரச்சினை அல்ல. இடமில்லை என்று சொல்லப்பட்டவர்கள் யார் என்று தேடிப் பார்ப்பதுதான் அந்தக் கதையின் வேலை. விருந்து வைத்தால் திருப்பி அழைக்கக்கூடியவர்களை அழைக்காதே, திருப்பிச் செய்ய முடியாதவர்களை அழை என்று இயேசு சொன்னதாக லூக்காவே பின்னர் எழுதுகிறார். பரிசுக்குப் பரிசு, விருந்துக்கு விருந்து என்று கணக்குப் பார்க்கும் நமக்கு, அந்த அறிவுரை இன்றும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

காத்திருக்கத் தெரிந்த நாள்காட்டி

கடையின் நாள்காட்டியும் சபையின் நாள்காட்டியும் வேறு வேறு. கடையில் கிறிஸ்துமஸ் நவம்பரிலேயே தொடங்கி, டிசம்பர் 25ஆம் தேதி முடிந்துவிடும். அடுத்த சில நாள்களிலேயே மரம் இறங்கி, சீனப் புத்தாண்டுக்கான சிவப்பு விளக்குகள் ஏறும். சபையிலோ டிசம்பர் 25க்கு முந்திய நான்கு ஞாயிறுகளும் காத்திருக்கும் காலம். திருவருகைக்காலம் என்று கத்தோலிக்கர்கள் அழைக்கும் அந்த நாள்கள், முற்காலத்தில் நோன்பு நாள்களாக இருந்தன. கொண்டாட்டம் 25ஆம் தேதிதான் தொடங்குகிறது. ஜனவரி 6 வரை நீடிக்கிறது.

மாணவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. காத்திருக்கத் தெரிந்தவனை அவசரப்படுத்த முடியாது. ‘இன்னும் இரண்டு மணி நேரம்தான்’ என்று திரையில் ஓடும் எண்கள் அவனை ஒன்றும் செய்யாது. நானும் என் நண்பர்கள் சிலரும் இப்போது பின்பற்றுவது இவ்வளவுதான். டிசம்பர் முதல் வாரத்திலேயே மொத்தச் செலவுக்கு ஓர் எண்ணை எழுதிவிடுகிறோம். எந்தச் சலுகை வந்தாலும் அது மாறாது. பிடித்த பொருளை நான்கு ஞாயிறுகள் காத்திருந்த பிறகே வாங்குகிறோம். பெரும்பாலும் மூன்றாம் ஞாயிறுக்குள் ஆசை அடங்கிவிடுகிறது. பொருளுக்குப் பதில் நேரத்தைக் கொடுக்கிறோம்: எஸ்.பி.எம். எழுதும் தம்பிக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பது, பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது. வீட்டில் சமைக்கும்போது, அந்த ஆண்டு வீட்டுக்குப் போக முடியாத யாரோ ஒருவருக்காக ஒரு தட்டைக் கூடுதலாகக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறோம்.

இவற்றால் பேரங்காடிகள் மூடப்படப் போவதில்லை. எங்கள் ஊருக்கு வரும் கூட்டமும் குறையாது. குறைய வேண்டியதும் இல்லை. நீங்களும் வாருங்கள். தேநீர் குடியுங்கள். குளிரை அனுபவியுங்கள். அறையைச் சுத்தம் செய்தவரிடம் பண்டிகை வாழ்த்துச் சொல்லுங்கள். அவர் இன்று எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவார் என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும்போது நின்று கேளுங்கள்.